ஒரு த்ரெட் விழுந்த பிறகு மற்றவை விழாமல் நிற்கின்றனவா?

ஜாவாவில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை, அதாவது அழைப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகமான ஸ்டாக் தீர்ந்துபோவதை, வரவழைப்பது எளிது. தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஒரு மெதட் (பெயர் வைத்த நிரல் துண்டு) போதும். ஓடவிட்ட கணத்தில் ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர் வந்து விழும். அதைப் பிடித்துவிட்டு "தேறியது" என்று பச்சை காட்டும் சோதனையை யாரும் எழுதலாம். எனக்கு அது போதவில்லை. எரர் வந்த பிறகு, அதே புரோசஸில் (ஓடும் நிரலில்) ஓடிக்கொண்டிருக்கும் மற்ற த்ரெட்களுக்கு, அதாவது இணையாக நடக்கும் வேலை இழைகளுக்கு, என்ன ஆயிற்று? கொஞ்ச காலமாக என் மாலைப் பொழுதுகள் இந்தக் கேள்வியோடுதான் போகின்றன.

வேலை கோலாலம்பூரில், கெரிஞ்சி எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில். கடைக்காரர்கள் தங்கள் தள்ளுபடி விதிகளைத் தாங்களே எழுதிக்கொள்ளும் ஒரு கட்டணச் சேவையைப் பார்த்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை என்றால், ஐம்பது ரிங்கிட்டுக்கு மேல் என்றால், பழைய வாடிக்கையாளர் என்றால் இவ்வளவு குறை. விதிக்குள் விதி வைக்கலாம். ஒரு விதி இன்னொரு விதியைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அவற்றைக் கணக்கிடும் நிரல் இயல்பாகவே தன்னைத்தானே அழைத்து ஆழமாகப் போகும். யாரோ ஒருவர் எழுதிய விதி சுற்றிச் சுற்றி வந்தால் அந்த த்ரெட்டின் ஸ்டாக் தீரும். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டி விற்கும் ஓர் அம்மாவின் கியூஆர் அட்டைக்கு வரும் 6 ரிங்கிட்டும் அதே ஜேவிஎம்மில்தான் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் எந்திரம்) கணக்காகிறது. அந்த அம்மாவுக்கு யாருடைய விதி எங்கே சுற்றினால் என்ன? அவருடைய காசு நிற்கக்கூடாது.

எங்கள் குழுவில் ஈப்போவிலிருந்து வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்: "அக்கா, ஒரு ரிக்வெஸ்ட்தானே ஃபெயில் ஆகுது? கேட்ச் பண்ணிட்டா முடிஞ்சது லா."

"முடிஞ்சதான்னு பார்க்கத்தான் தம்பி இந்த டெஸ்ட்டே," என்றேன். இந்தப் பதிவு அவனுக்கும், அவனைப் போல நினைக்கிற எல்லோருக்கும்.

முதலில் ஜேவிஎம் உள்ளே என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம் பற்றி, லினக்ஸில், 64 பிட் இன்டெல் வகைச் சிப்பில். ஒவ்வொரு ஜாவா த்ரெட்டுக்கும் வழக்கமாக 1 எம்பி ஸ்டாக். அதன் அடி நுனியில் சில பக்கங்கள் (நினைவகத் துண்டுகள்) தொடக்கூடாதவை. கடைசியில் சிவப்பு மண்டலம், அதற்கு மேலே மஞ்சள் மண்டலம், ஜேடிகே (ஜாவாவின் கருவித்தொகுப்பு) 9இலிருந்து அதற்கும் மேலே ஒதுக்கீட்டு மண்டலம். ஒரு பக்கம் 4 கேபி. சிவப்புக்கு 1, மஞ்சளுக்கு 2, ஒதுக்கீட்டுக்கு 1 என்று வழக்க அளவு. இவை தவிர 20 பக்கங்கள் கொண்ட நிழல் மண்டலம் உண்டு. இது பூட்டிவைத்த இடம் அல்ல. ஜேவிஎம்மின் உள்வேலைக்கும் நேட்டிவ் (சி போன்ற வேறு மொழியில் எழுதிய நிரல்) அழைப்புக்கும் கையில் இருக்கவேண்டிய இடைவெளி.

ஒவ்வொரு ஜாவா மெதடும் உள்ளே நுழையும்போது, இருட்டில் நடப்பவர் கைத்தடியால் முன்னே தட்டிப் பார்ப்பதுபோல, தான் நிற்கும் இடத்திலிருந்து நிழல் மண்டலத்தின் தூரம் கீழே ஒரு முகவரியைத் தொட்டுப் பார்க்கும். அது மஞ்சளில் பட்டால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சிக்னல் அனுப்பும். ஜேவிஎம்மின் சிக்னல் ஹேண்ட்லர் மஞ்சள் மண்டலத்தைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, அந்த இடத்தில் ஜாவா எரரை எறியும். முன்கூட்டியே தட்டிப் பார்ப்பதால் ஹேண்ட்லர் ஓடுவதற்கே ஸ்டாக் மிச்சம் இருக்கிறது. த்ரெட் மேலே ஏறி வந்தபின் மஞ்சளை மீண்டும் மூடிவிடும். சிவப்பைத் தொட்டால் மன்னிப்பில்லை: புரோசஸ் முழுவதும் செத்து, எச்எஸ்_எர் என்று தொடங்கும் கோப்பு ஒன்றை விட்டுப் போகும்.

இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். மற்றவர்கள் செய்திருப்பதைப் பாருங்கள். டாட்நெட் 2.0 முதல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பிடிக்கவே முடியாது, புரோசஸ் முடிந்தது. கோ மொழியில் கோரூட்டீன் என்ற இலகுவான த்ரெட்டின் ஸ்டாக் தேவைக்கேற்ப வளரும். 64 பிட்டில் 1 ஜிபி எல்லையைத் தாண்டினால் மீட்க வழியில்லாமல் நிரல் நின்றுவிடும். ரஸ்ட் மொழி நிரல் ஒரு செய்தியை அச்சிட்டுவிட்டு அபார்ட் ஆகும், அதாவது தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். இவற்றில் ஜாவா மட்டும் "நீ பிடித்துக்கொள், தொடர்ந்து ஓடு" என்கிறது. அவ்வளவு பெரிய வாக்குறுதி என்றால் அதைக் கடுமையாகச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஜேடிகேவின் திறந்த மூலத்தை எழுதும் ஓப்பன்ஜேடிகேக்காரர்களுக்கு அது தெரியும். அவர்களுடைய மூலத்தில் விஎம்டெஸ்ட்பேஸ் என்ற அடைவுக்குள் என்எஸ்கே, அதற்குள் ஸ்ட்ரெஸ், அதற்குள் ஸ்டாக் என்று போனால் ஸ்டாக்001 தொடங்கி 019 வரை சோதனைகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்டாட்டிக் மெதட், இன்டர்ஃபேஸ் மெதட், சின்க்ரனைஸ்டு மெதட், ரிஃப்லெக்ஷன் வழி அழைப்பு என்று ஒவ்வொரு நுழைவாயிலாக, பல த்ரெட்களில், திரும்பத் திரும்ப ஸ்டாக்கைத் தீர்த்துப் பார்க்கிறார்கள். நேரம் இருந்தால் படியுங்கள். நிரல் சிறியது, சிந்தனை பெரியது.

ஆனால் அவர்கள் சோதிப்பது ஜேவிஎம் சாகிறதா என்பதை. எனக்குத் தேவையானது அதைவிட ஒரு படி மேலே: ஜேவிஎம் சாகாமல் நின்றபின், அதற்குள் இருக்கும் என் தரவு முழுதாக இருக்கிறதா?

இரண்டு இடங்களில்தான் ஒரு த்ரெட்டின் விழுகை மற்றவற்றைத் தொடும் என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட அந்த இரண்டுமே ஆழமாகப் போயின.

ஒன்று, பூட்டு: ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தரவைத் தொடவிடும் காவல். சின்க்ரனைஸ்டு பிளாக் பற்றிக் கவலை இல்லை; அந்தப் பூட்டை ஜேவிஎம்மே பிடிக்கிறது, எரர் மேலே ஏறும்போது அதுவே விடுகிறது. ஆனால் ரீஎன்ட்ரன்ட்லாக் என்ற பூட்டு வகை ஜாவாவிலேயே எழுதப்பட்டது. ஜேடிகே 8இல் அது பூட்டும் விதம் இரண்டு அடி. முதலில் நிலையை 0இலிருந்து 1 ஆக்கும். அடுத்து, உரிமையாளர் இந்த த்ரெட் என்று குறித்துக்கொள்ளும். இரண்டு அடிக்கும் நடுவே ஸ்டாக் தீர்ந்தால்? நிலை 1, உரிமையாளர் யாருமில்லை. விடுவிக்க முயன்றால் "இது உன் பூட்டு அல்ல" என்று எக்ஸெப்ஷன் வரும். மற்ற த்ரெட்கள் எல்லாம் வரிசையில் நிற்கும், என்றைக்கும். த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தால் எல்லோரும் காத்திருப்பார்கள். யாருக்காக என்று காட்டாது. இப்படி ஒரு டம்ப்பை நடுராத்திரியில் பார்க்க நேர்கிறவரை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இதற்காகத்தான் ஜெப் 270 (ஜேடிகே மேம்பாட்டு முன்மொழிவு) வந்தது. 2017 செப்டம்பரில் ஜேடிகே 9 வெளியானபோது அந்த ஒதுக்கீட்டு மண்டலம் சேர்க்கப்பட்டது. இந்த மாதிரி நுட்பமான மெதட்களுக்கு ஓர் அனோட்டேஷன் (அடையாளக் குறி) போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டாக் தீரும்போது, அழைப்பு வரிசையில் அப்படி ஒரு மெதட் இருந்தால், ஜேவிஎம் உடனே எரர் எறியாது. ஒதுக்கீட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு அந்த மெதட் வேலையை முடிக்கும்வரை பொறுத்திருக்கும். அது வெளியே வரும்போது எரர் எறியும். இதைவிடக் கண்ணியமான தீர்வை நான் எந்த மெய்நிகர் எந்திரத்திலும் பார்த்ததில்லை. ஆனால் அந்த அனோட்டேஷன் ஜேடிகேவின் சொந்த வகுப்புகளுக்கு மட்டும். நீங்களும் நானும் எழுதும் இரண்டடி வேலைகளுக்கு, அதாவது எண்ணியை ஒன்று கூட்டிவிட்டு மேப்பில் போடுவது போன்றவற்றுக்கு, அந்தச் சலுகை கிடையாது.

எரர் வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். ஃபைனலிக்குள் எழுதியிருப்பதும் மெதட் அழைப்புதான். அதற்கும் ஸ்டாக் வேண்டும். விளிம்பில் நின்றுகொண்டு டேட்டாபேஸ் இணைப்பு ஒன்றை எடுத்த த்ரெட், அதைத் திருப்பித் தரும் அழைப்பு இன்னும் நான்கு ஃபிரேம் (ஓர் அழைப்பு ஸ்டாக்கில் பிடிக்கும் இடம்) ஆழம் கேட்டால், தர முடியாமல் விழும். இணைப்பு போனது போனதுதான்.

இரண்டாவது இடம் எனக்கு இன்னும் பயங்கரமாகத் தோன்றுகிறது: கிளாஸ் தொடக்கம், அதாவது ஒரு கிளாஸ் (தரவும் மெதட்களும் சேர்ந்த வகுப்பு) முதன்முறை பயன்படும்முன் தயாராவது. ஒரு கிளாஸை எந்த த்ரெட் முதன்முதலில் தொடுகிறதோ, அதன் ஸ்டாக்கில்தான் அந்தக் கிளாஸின் ஸ்டாட்டிக் தொடக்க நிரல் ஓடும். அந்த நேரம் பார்த்து த்ரெட் ஆழத்தில் இருந்தால், தொடக்க நிரல் நடுவில் ஸ்டாக் தீரும். ஜேவிஎம் விதிப்படி அந்தக் கிளாஸ் அதோடு கெட்டுப்போனதாகக் குறிக்கப்படும். மறு வாய்ப்பு இல்லை. அடுத்து எந்த த்ரெட் அதைத் தொட்டாலும், எவ்வளவு மேலே வசதியாக நின்று தொட்டாலும், நோகிளாஸ்டெஃப்ஃபௌண்ட்எரர். விழுந்த த்ரெட்டுக்கு மட்டும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தெரியும், அதுவும் எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைசர்எரர் என்ற உறை இல்லாமல் வெறுமனே வரும். ஏனென்றால் எரர் வகையைச் சேர்ந்தவற்றை ஜேவிஎம் அந்த உறைக்குள் போடுவதில்லை. ஆகவே பழைய ஜேடிகேக்களில் லாக் கோப்பைப் படிப்பவருக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படாது. முதல் எரர் ஒரு த்ரெட்டில், ஒருமுறை. இரண்டாவது எல்லா த்ரெட்டிலும், ஜேவிஎம் நிற்கும்வரை.

யோசித்துப் பாருங்கள். ஆழத்திலேயே கேட்ச் போட்டு, அதற்குள் இதுவரை தொடாத ஒரு லாக் எழுதும் வகுப்பையோ தேதி வடிவமைப்பு வகுப்பையோ முதன்முதலாக அழைத்தால், பிடித்த கையே விஷத்தைப் பரப்புகிறது. கேட்ச் வெளி விளிம்பில்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

இனி சோதனையின் வடிவம். வெறுமனே ஆயிரம் த்ரெட்டைக் கிளப்பி எல்லாம் ஒரே மெதடில் விழட்டும் என்று விட்டால், எல்லாம் அநேகமாக ஒரே இடத்தில்தான் விழும். ஆபத்தான இடம் ஒன்றிரண்டு ஃபிரேம் அகலம். அதில் விழவைக்க வேண்டுமென்றால் விழும் இடத்தை நாமே நகர்த்த வேண்டும். நான் செய்வது இது. த்ரெட் முதலில் ஒருமுறை முழுதாக இறங்கி விழுந்து, தன் ஆழத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு அந்த ஆழத்துக்கு ஒரு ஃபிரேம் குறைவாக இறங்கி, அங்கே நின்று சோதிக்கவேண்டிய வேலையைச் செய்யும்: பூட்டித் திறப்பது, மேப்பில் போடுவது, இணைப்பு எடுத்துத் தருவது. அடுத்து இரண்டு ஃபிரேம் குறைவாக. அடுத்து மூன்று. இப்படி, வேலை நிம்மதியாக முடியும் உயரம் வரை ஒவ்வொரு படியிலும். விளிம்பைச் சீப்பு வாருவதுபோல வாரிவிடலாம்.

சிக்கல் ஜேஐடி: நிரல் ஓடும்போதே அதை எந்திர மொழிக்கு மாற்றும், அதாவது கம்பைல் செய்யும், பகுதி. ஒரே மெதட் இன்டர்பிரெட்டரில் (மாற்றாமல் அப்படியே படித்து ஓட்டும் பகுதி) ஓடும்போது ஃபிரேம் பெரிது, கம்பைல் ஆனபின் சிறிது. எளிய மெதட் 1 எம்பியில் இன்டர்பிரெட்டரில் பத்தாயிரத்தைச் சுற்றி இறங்கும், கம்பைல் ஆனபின் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே குறித்துவைத்த ஆழம் அடுத்த சுற்றில் பொய்யாகும். எக்ஸ்இன்ட் கொடியைப் போட்டு இன்டர்பிரெட்டரில் மட்டும் ஓட்டினால் ஆழம் நிலையாக இருக்கும், வாருவது சுலபம். ஆனால் ஜேடிகே 8இல் பூட்டு சிக்கிக்கொண்டது எனக்கு எக்ஸ்இன்ட்டில் இல்லை. சாதாரணக் கலவை முறையில். காரணம் என் கணிப்பில் இது: சில மெதட்கள் கம்பைல் ஆகி ஃபிரேம் சிறுத்து, பக்கத்தில் இருக்கும் மெதட் இன்னும் இன்டர்பிரெட்டரிலேயே இருக்கும் இடைவேளை ஒன்று உண்டு. அப்போது முதல் அடிக்கு இடம் போதும், இரண்டாம் அடிக்குப் போதாது. எனவே எக்ஸ்இன்ட், எக்ஸ்காம்ப் (எல்லாம் கம்பைல் செய்து), கலவை மூன்றிலும் ஓட்ட வேண்டும். கலவையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆழத்தைப் புதிதாக அளக்க வேண்டும். அதே சோதனையை ஜேடிகே 17இல் ஓட்டியபோது பூட்டு சிக்கவில்லை. ஜெப் 270 தன் வேலையைச் செய்கிறது.

த்ரெட்களை ஒரு தடுப்பில் நிறுத்தி ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுகிறேன், சிக்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று வரட்டும் என்று. த்ரெட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் ஸ்டாக் அளவு கொடுக்கும் வசதி ஜாவா 1.4இலிருந்தே உண்டு, அதை வைத்து ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு. லினக்ஸில் அது மதிக்கப்படுகிறது, ஆவணம் உறுதி தரவில்லை என்றாலும். உள்மாறிகள் நிறைய உள்ள மெதட் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், ஒரு பக்கத்தைவிடப் பெரிய ஃபிரேமுக்காக. ஜாவா நிரல் என்றால் ஜேவிஎம் பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்க்கும், பாதுகாப்புப் பக்கத்தைத் தாண்டிக் குதிக்காது. நேட்டிவ் நூலகம் அப்படியல்ல. ஜிசிசி என்ற சி கம்பைலரின் 8ஆம் பதிப்பில் வந்த ஸ்டாக் கிளாஷ் பாதுகாப்புக் கொடி இல்லாமல் கம்பைல் செய்த சி நிரல், பெரிய அரே ஒன்றை ஸ்டாக்கில் வைத்தால், ஒரே தாவலில் மண்டலங்களைக் கடந்து பக்கத்து நினைவகத்தில் எழுதிவிட முடியும். தாண்டாமல் மஞ்சளைத் தொட்டாலும், நேட்டிவுக்குள் இருக்கும் த்ரெட்டுக்கு ஜேவிஎம் எரர் எறிய முடியாது. மஞ்சளைத் திறந்துவிட்டு "முடித்துக்கொண்டு வா" என்று அனுப்பும். அடுத்து சிவப்புதான். எங்கள் சேவையில் விதிக்கணக்கின் பாதையில் ஒரு நேட்டிவ் சுருக்க நூலகம் இருந்தது. அதைப் பாதைக்கு வெளியே நகர்த்தச் சொல்லிக் கேட்டேன், நகர்த்தினார்கள்.

சோதனையின் உயிர், விழும் த்ரெட்கள் அல்ல, சாட்சி த்ரெட்கள். இவை ஒருபோதும் விழாது. மேலே நின்றுகொண்டு, ஒவ்வொரு பூட்டையும் கால எல்லை வைத்துப் பிடித்துப் பார்க்கும். இணைப்புக் குளத்தில் எண்ணிக்கை சரியா என்று பார்க்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கிளாஸையும் தொட்டுப் பார்க்கும். சாட்சி ஒன்று தடுமாறினால் அந்தக் கணமே டம்ப் எடுத்து நிறுத்தும். பச்சையா சிவப்பா என்பதைச் சாட்சிகள் மட்டுமே முடிவு செய்கின்றன.

கன்டெய்னருக்குள் (நினைவக எல்லை வைத்த தனி அறை போன்ற சூழல்) ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அடிவரை இறங்கிய த்ரெட் தன் ஸ்டாக்கின் எல்லாப் பக்கத்தையும் தொட்டிருக்கும். மேலே ஏறி வந்தாலும் அந்த நினைவகம் த்ரெட் முடியும்வரை கணக்கில் நிற்கும். 1 எம்பி வீதம் ஆயிரம் த்ரெட் என்றால் கிட்டத்தட்ட 1 ஜிபி, ஹீப்புக்கு (ஜாவா பொருள்கள் இருக்கும் நினைவகம்) வெளியே. கன்டெய்னர் எல்லையைத் தாண்டினால் கெர்னல் புரோசஸைக் கொன்றுவிடும். வெளியேறும் எண் 137 என்றால் அது கெர்னல் செய்த கொலை. 134 என்றால் ஜேவிஎம் தானே அபார்ட் ஆனது. இந்த இரண்டையும் சிஐ (தானியங்கிச் சோதனை) அறிக்கையில் "கிராஷ்" என்று ஒரே சொல்லில் போடாதீர்கள்.

எரர் டிரேஸை (எரரோடு வரும் அழைப்பு வரிசை) நம்பியும் இருக்காதீர்கள். வழக்கமாக 1024 ஃபிரேம்தான் பதியப்படும், அதுவும் விழுந்த முனையிலிருந்து. யார் தொடங்கிவைத்தார் என்பது வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதனால் விதிக்கணக்கு தொடங்கும்போதே கடை எண்ணையும் விதியின் பெயரையும் த்ரெட்டின் பெயரில் எழுதிவைக்கிறோம்.

இவ்வளவும் பார்த்தபின் எங்கள் குழு எடுத்த முடிவு. விதியைப் படிக்கும்போதே ஆழத்துக்கு எல்லை. ஜேசன் வடிவத் தரவைப் படிக்கும் ஜாக்சன் நூலகம் 2023இல் வந்த 2.15 பதிப்பிலிருந்தே அடுக்கு 1000ஐத் தாண்டினால் மறுத்துவிடுகிறது. முன்பு அதே நூலகத்தில் ஆழமான ஜேசன் கொடுத்து ஸ்டாக்கைத் தீர்க்க முடிந்தது, பாதுகாப்புக் குறைபாடுகளின் பட்டியலில் சிவிஇ-2020-36518 என்று பதிவானது. ஆனால் பெயர் சொல்லி அழைக்கும் விதிகளை ஜாக்சனால் பார்க்க முடியாது. அதற்குக் கணக்கிடும் நிரலிலேயே ஓர் ஆழ எண்ணி. ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரரைப் பிடிப்பது வேலை த்ரெட்டின் வெளி விளிம்பில், ஒரே இடத்தில். பிடித்ததும் அந்தக் கோரிக்கைக்குத் தோல்வி சொல்லிவிட்டு, இந்த ஜேவிஎம் இனிப் புதுக் கோரிக்கை வாங்காது என்று அறிவித்துவிடும். கையில் இருப்பதை முடித்துக் கொடுத்துவிட்டு மறுதொடக்கம். தம்பி கேட்டான், "அப்புறம் எதுக்குக்கா இவ்வளவு டெஸ்ட், எப்படியும் ரீஸ்டார்ட்தானே?" கையில் இருப்பதை முடிக்கும் அந்த இடைவேளையில் பூட்டும் இணைப்பும் கிளாஸும் முழுதாக இருக்க வேண்டும். பூக்கார அம்மாவின் 6 ரிங்கிட் அந்த இடைவேளையில் இருக்கலாம் என்றேன். அவன் அடுத்த நாள் சாட்சிப் பட்டியலில் இன்னும் நான்கைந்து கிளாஸ்களைச் சேர்த்திருந்தான்.

அடுத்து விர்ச்சுவல் த்ரெட்கள், அதாவது ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்கள். ஜேடிகே 21க்கு மாறும் பேச்சு எங்கள் அலுவலகத்திலும் தொடங்கிவிட்டது. ஓடாமல் காத்திருக்கும் விர்ச்சுவல் த்ரெட்டின் ஸ்டாக் ஹீப்பில் கிடக்கும். ஓடும்போது கேரியர் என்ற ஒரு சாதாரண த்ரெட்டின்மேல் ஏறி ஓடும். ஒரு விர்ச்சுவல் த்ரெட் விழுந்தபின் அதைச் சுமந்த கேரியரின் மஞ்சள் மண்டலம் சரியாக மூடப்படுகிறதா, அடுத்து ஏறுபவருக்கு முழு இடம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேரியர் எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்து, விழுபவர் ஒருவர், சாட்சி ஒருவர் என்று மாறி மாறி அதே கேரியரில் ஏற்றும்படி எழுதியிருக்கிறேன். சாட்சி ஒவ்வொரு முறையும் தான் இறங்கக்கூடிய ஆழத்தை அளந்து எழுதும். அந்த எண்கள் நிலையாக நிற்கின்றனவா என்பதை இந்த வார இறுதியில் எக்ஸ்இன்ட், எக்ஸ்காம்ப், கலவை என்ற மூன்று முறைகளிலும் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.